வளிச்சீராக்கப் பொறியும் தொழிலாளர் பாதுகாப்பும்

கொழும்பு போன்ற மாநகரங்களில் இன்று எழும் பெரிய கட்டடங்கள் பலவற்றில் யன்னல்கள் திறக்கப்படுவதில்லை. வெளியே வெயில் எரிக்கும். உள்ளே நுவரெலியாவின் காலைப் பொழுதைப் போன்ற தண்மை நிலவும். வங்கிக்குப் பணம் மாற்ற வந்தவரும், வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்பவரும், அலுவலகத்திற் கணக்கெழுதுபவரும் அத்தண்மையை நுகர்கின்றனரேயன்றி, அது எங்கிருந்து வருகின்றது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால், அதனை வழங்கும் பொறிகளைத் துடைத்தும், எண்ணெயிட்டும், பழுது நீக்கியும் வாழும் தொழிலாளர் பலர் நம்மிடையே உளர். அவர்களுடைய கைகளும் கண்களும் உயிரும் எவ்வாறு காக்கப்படல் வேண்டும் என்பதே இப்பேச்சின் பொருள்.

வளிச்சீராக்கம் முதன்முதலில் மனிதரின் சுகத்துக்காகத் தோன்றியதன்று. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்திற் காற்றின் ஈரம் கூடியும் குறைந்தும் வந்தமையாற் கடதாசி விரிந்து சுருங்கி, வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தாது போயின. அக்குறையைத் தீர்ப்பதற்கு வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் வகுத்த அமைப்பிலிருந்தே இக்காலத்து வளிச்சீராக்கம் வளர்ந்தது. காற்றை இழுத்து, குளிர்ந்த குழாய்களின்மேற் செலுத்தி, அதன் வெப்பத்தையும் ஈரத்தையும் களைந்து, மீண்டும் அறைக்கு அனுப்புதல் என்னும் அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை.

பெரிய கட்டடங்களிற் பயன்படும் பொறி, வீட்டுச் சுவரிற் காணும் சிறு பெட்டியைப் போன்றதன்று. அது தகட்டினாற் செய்யப்பட்ட நீண்டதோர் அறை. சிலவற்றுள் ஓர் ஆள் நிமிர்ந்து நடக்கலாம். ஒரு முனையிற் காற்றின் தூசியைத் தடுக்கும் வடிகட்டிகள் இருக்கும். அடுத்து, குளிர்நீரோ குளிரூட்டும் திரவமோ ஓடும் சுருட்குழாய்கள். அவற்றின் கீழே, காற்றிலிருந்து பிரிந்து சொட்டும் நீரை ஏந்தும் தட்டம். அதற்கப்பால் மோட்டரினாற் சுழற்றப்படும் பெரிய விசிறி. விசிறி தள்ளும் காற்று, தகட்டுக் குழாய்கள் வழியே மாடிதோறும் செல்லும். இப்பொறி பெரும்பாலும் நிலக்கீழ் அறையிலோ, மாடியின் ஒதுக்கிடத்திலோ, கூரையின் மேலோ வைக்கப்படுகின்றது. ஆதலால் அதனுள் ஒருவர் பணிபுரிவதை ஏனையோர் காண்பதில்லை. ஆபத்துக்கு இது முதலாவது காரணம்.

ஒரு நிலைமையை மனத்திற் கொள்வோம். நான்காம் மாடியிற் குளிர் போதவில்லை என்று முறைப்பாடு வருகின்றது. தொழிலாளர் ஒருவர் சுவரிலுள்ள நிறுத்தற் பொத்தானை அழுத்துகின்றார். விசிறி ஓய்கின்றது. அவர் கதவைத் திறந்து உள்ளே சென்று, தேய்ந்துபோன பட்டியைக் கழற்றத் தொடங்குகின்றார். அவ்வேளையில், முன்னிலும் புழுக்கம் மிகுந்துவிட்டதைக் கண்ட நான்காம் மாடி அலுவலர், காவலாளியைக் கீழே அனுப்புகின்றார். பொறி நின்றிருப்பதைக் கண்ட காவலாளி, அதனை இயக்கும் பொத்தானை அழுத்துகின்றார். இவர்களுள் எவரிடத்தும் தீய எண்ணமில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கடமையையே செய்தனர். ஆயினும் உள்ளே இருப்பவரின் கை என்னவாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இக்காலத்தில் அக்காவலாளிகூடத் தேவையில்லை. பொறிகள் பல, மணிக்கூட்டின்படியும், அறையின் வெப்பநிலையை அளக்கும் கருவியின்படியும், வேறோர் அறையிலுள்ள கணனியின் கட்டளைப்படியும் தாமாகவே நின்று தாமாகவே புறப்படுகின்றன. மின்வெட்டு வேளையில், பொறி நின்றுவிட்டதுதானே என்று எண்ணி உள்ளே கைவைப்பது மிகவும் கொடியது. கட்டடத்தின் மின்பிறப்பாக்கி சில கணங்களிற் புறப்பட்டுவிடும். விசிறியும் உடனே சுழலும். எனவே, நின்றிருக்கும் பொறி வேறு. இயங்க முடியாதவாறு செய்யப்பட்ட பொறி வேறு. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை உணர்தலே இத்தொழிலிற் பாதுகாப்பின் அடிப்படை. நிறுத்தற் பொத்தான் பொறிக்கு இடப்படும் ஒரு கட்டளை மாத்திரமே. அடுத்த கட்டளை அதனை மாற்றிவிடும். மின்சாரம் அப்பொழுதும் பொறியின் வாயில்வரை வந்து காத்திருக்கின்றது.

அவ்வாறாயிற் செய்யத்தக்கது யாது? முதலில், எந்தப் பொறியிற் பணி நடைபெறவுள்ளது, எவ்வளவு நேரம் நடைபெறும் என்பதைக் கட்டடப் பொறுப்பாளருக்கும், பொறியை இயக்கும் அதிகாரம் உடைய ஏனையோர்க்கும் அறிவித்தல் வேண்டும். அடுத்து, பொறியை முறைப்படி நிறுத்தி, அதற்கு வரும் மின்சாரத்தைப் பிரதான ஆளியில் முற்றாகத் துண்டித்தல் வேண்டும். துண்டித்த ஆளியின்மேல் ஒரு பூட்டை இட்டு, பூட்டியவரின் பெயரும் பூட்டிய காரணமும் எழுதிய அடையாளச் சீட்டைத் தொங்கவிடுதல் வேண்டும். பூட்டின் திறப்பு, பொறியினுள் இறங்குபவரின் சட்டைப் பையில் இருத்தல் வேண்டும், மேற்பார்வையாளரின் மேசையிலன்று.

நால்வர் சேர்ந்து பணிபுரியின் நான்கு பூட்டுக்கள் வேண்டும். பல பூட்டுக்களை ஒருங்கே ஏற்கும் இரும்புக் கொளுவிகள் இதற்கெனவே கிடைக்கின்றன. மூவர் தம் பணியை முடித்துத் தம் பூட்டுக்களை எடுத்துக்கொண்டாலும், நான்காமவரின் பூட்டு இருக்கும்வரை பொறி புறப்படாது. ஒருவர் மற்றொருவருக்காகப் பூட்டுவதோ, மற்றொருவரின் பூட்டைத் திறப்பதோ தகாது. சீட்டு மாத்திரம் போதாதா என்று சிலர் கேட்பர். சீட்டு அறிவுறுத்தும், தடுக்காது. அது கிழியலாம், காற்றில் விழலாம், இருட்டிற் காணப்படாது போகலாம். எழுதிய மொழி அறியாதவர் அதனைப் பொருட்படுத்தாமலும் விடலாம். பூட்டு எம்மொழியினருக்கும் விளங்கும்.

பூட்டும் சீட்டும் கொண்ட இவ்வொழுங்கு அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டில் நாடு தழுவிய விதியாக்கப்பட்டது. இலங்கையின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், பொறிகளின் அசையும் உறுப்புக்களுக்குக் காப்பு வேலி இடல் வேண்டும் என்று விதிக்கின்றது. ஆனால் பழுதுபார்க்கும்போது கழற்றப்படுவது அவ்வேலியே அன்றோ? வேலி நீங்கியிருக்கும் வேளையில் அதன் கடமையை ஏற்றுக்கொள்வது பூட்டு என்று கருதினால், அதன் அருமை விளங்கும்.

பூட்டிய பின்னரும் உடனே கைவைத்தல் ஆகாது. மின்சாரம் உண்மையாகவே அற்றுவிட்டதா என்று சோதித்தல் வேண்டும். ஆளியில் ஒட்டிய பெயர் பிழையாயிருக்கலாம்; வேறொரு பொறியின் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்கலாம்; ஆளியின் உட்பகுதி உருகி ஒட்டியிருக்கலாம். சோதனைக் கருவியை முதலில் மின்சாரம் உள்ளதென்று தெரிந்த ஓரிடத்தில் வைத்து, அது செம்மையாக வேலை செய்வதை அறிதல் வேண்டும். பின்னர் பொறியின் மூன்று மின்கம்பிகளை ஒன்றோடொன்றும், ஒவ்வொன்றையும் புவித்தொடுப்போடும் சோதித்தல் வேண்டும். இறுதியாகக் கருவியை முந்திய இடத்திலேயே மறுபடியும் சோதித்தல் வேண்டும். இடையிற் கருவியே பழுதடைந்திருந்தால், உயிருள்ள கம்பியையும் அது உயிரற்றதென்று காட்டிவிடும். அதற்காகவே இம்மூன்றாம் படி. சோதனை முடிந்தபின் இயக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பொறி அசையவில்லை என்பதையும் கண்டுகொள்ளல் நன்று.

துண்டித்த பின்னும் மின்சாரம் தங்கியிருக்கும் இடங்கள் உள. கொள்ளளவி என்பது மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் உறுப்பு. விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இக்காலத்துக் கருவிகளுட் பெரிய கொள்ளளவிகள் இருக்கின்றன. 400 வோல்ற்று மின்சாரத்தில் இயங்கும் அத்தகைய கருவியினுள் ஏறத்தாழ 565 வோல்ற்று நேரோட்ட மின்னழுத்தம் நிற்கும். பிரதான ஆளியைத் துண்டித்த மறுகணமே அது மறைந்துவிடுவதில்லை. மெல்ல மெல்லவே வடியும். எத்தனை நிமிடம் காத்திருத்தல் வேண்டும் என்பதைச் செய்தவர்கள் கருவியின் மூடியிலேயே எழுதியிருப்பர். அந்நேரம் கழிந்தபின் அளந்தும் பார்த்த பின்னரே மூடியினுட் கைசெலுத்துதல் தகும்.

இனி விசிறியைப் பற்றிச் சிறிது கூறுவோம். ஒரு மீற்றர் விட்டமுள்ள விசிறிச் சில்லொன்று நிமிடத்துக்கு 900 தடவை சுழல்வதாகக் கொள்வோம். அதன் விளிம்பு செக்கனுக்கு 47 மீற்றர் செல்லும். அஃதாவது மணிக்கு ஏறத்தாழ 170 கிலோமீற்றர். கடுகதிப் புகையிரதமும் நம் நாட்டில் இவ்வளவு விரைவாக ஓடுவதில்லை. இத்தகைய சில்லு மின்சாரம் நின்றபின்னும் நெடுநேரம் சுழன்றுகொண்டிருக்கும். முற்றாக ஓய்ந்த பின்னரும், குழாய்வழியே வரும் காற்றினால், அல்லது அதே குழாயோடு இணைந்த மற்றொரு விசிறியின் இழுப்பினால், அது மீண்டும் சுழலத் தொடங்கலாம். மின்சாரப் பூட்டு இதனைத் தடுக்காது. ஆகையாற் குழாயின் தடுப்பிதழ்களை மூடி, சில்லையும் மரக்கட்டையாலோ உரிய பிணைப்பாலோ அசையாது நிறுத்திய பின்னரே அதனை அணுகல் வேண்டும். பணி முடிந்ததும் அக்கட்டையை எடுக்க மறத்தலும் கேடு. பொறி புறப்படும்போது அது குண்டுபோற் பறக்கும்.

பட்டி மாற்றும் வேளையில் விரல் இழந்தோர் பலர். மோட்டரின் கப்பிக்கும் பட்டிக்கும் இடையே விரல் அகப்படுவதற்கு மின்சாரம் வேண்டியதில்லை. சில்லைக் கையாற் சுழற்றுவதே போதும். பட்டியைத் திருகுகருவியால் நெம்பிக் கப்பியின்மேல் ஏற்றுதல் தொழிலிற் பரவியுள்ள தீய வழக்கம். மோட்டர் பொருத்திய தளத்தின் ஆணிகளைத் தளர்த்தி, மோட்டரை முன்னே நகர்த்தினாற் பட்டி தானாகவே தளரும், எளிதாக மாற்றலாம். அதற்கு மேலதிகமாகச் செலவாகும் நேரம் சிறிது. காக்கப்படும் விரல்களோ வாழ்நாள் முழுவதும் சோறு போடுவன. தொங்கும் சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி, மோதிரம், மணிக்கூடு ஆகியவற்றையும் பணிக்குமுன் நீக்கிவிடல் வேண்டும்.

பொறியின் கதவும் எச்சரிக்கைக்கு உரியது. விசிறி இயங்கும்போது உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே காற்றமுக்கத்தில் வேற்றுமை உண்டு. 500 பஸ்கால் என்பது எண்ணிற் பெரிதாகத் தோன்றாது. ஆனால் அகலம் 60 சதமமீற்றரும் உயரம் ஒன்றரை மீற்றரும் உள்ள கதவின்மேல் அது ஏறத்தாழ 45 கிலோகிராம் பாரத்துக்குச் சமமான விசையைச் செலுத்தும். காற்றைத் தள்ளும் பக்கத்துக் கதவின் கைபிடியைத் திருப்பியவுடன் அது முகத்தில் வந்து அறையும். இழுக்கும் பக்கத்துக் கதவு விரல்களை நசுக்கி மூடிக்கொள்ளும். விசிறி ஓய்ந்தபின், கதவின் பின்னே ஒதுங்கி நின்று, மெதுவாகத் திறத்தலே முறை. சில பொறிகளின் உள்ளே கிருமிகளைக் கொல்லும் ஊதாக்கடந்த கதிர் விளக்குகளும் பொருத்தப்பட்டுள்ளன. அவ்வொளியைச் சிறிது நேரம் நோக்கினாலும் கண் புண்ணாகும். அவ்விளக்குகளுக்குத் தனி ஆளி இருக்குமாயின் அதனையும் பூட்டல் வேண்டும்.

குளிரூட்டும் வாயுக்களிடத்து வேறு வகையான ஆபத்துக்கள் உள. ஆர்-22 என்னும் வாயு ஆறின இடத்திற் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை சதமளவிற் கொதிப்பது. திரவ நிலையில் அது தோலின்மேற் பட்டாற் சதை உறைந்து, தீப்புண்ணை ஒத்த புண் உண்டாகும். கண்ணிற் பட்டாற் பார்வையே கெடும். ஆகவே காப்புக் கண்ணாடியும் கையுறையும் இன்றிக் குழாயிணைப்பைக் கழற்றுதல் கூடாது. இவ்வாயுக்கள் காற்றைவிட இரண்டு மூன்று மடங்கு கனமானவை. கசிந்தால் நிலக்கீழ் அறையின் தரையில் நீர்போலத் தேங்கி, காற்றை அகற்றிவிடும். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் நூற்றுக்கு 21 பங்கு உண்டு. அது குறையும்போது மூச்சுத் திணறல் எச்சரிக்கும் என்று நம்புதல் பெரும் பிழை. மூச்சுத் திணறலைத் தூண்டுவது பெரும்பாலும் உடலிற் காபனீரொட்சைட்டு மிகுதலேயன்றி ஒட்சிசன் குறைதலன்று. எனவே, கசிவுள்ள அறையுள் இறங்கியவர் யாதொரு துன்பமும் உணராமலே மயங்கி விழுவார். அவரைத் தூக்கச் செல்பவரும் அவ்வாறே விழுவார். முதலிற் கதவுகளைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குக. தக்க சுவாசக் கருவியின்றி உள்ளே பாயாதீர்.

குழாய்களிற் கசிவு உண்டா என்று பார்ப்பதற்கு ஒட்சிசனை ஏற்றுதல் ஒருபோதும் செய்யத் தகாதது. அமுக்கம் மிகுந்த ஒட்சிசன், பொறியிலுள்ள எண்ணெயோடு கூடியவுடன் வெடிக்கும். இதற்கு உரியது உலர்ந்த நைதரசன். அதனையும் அமுக்கம் குறைக்கும் கருவியின்றிச் செலுத்தலாகாது. நிறைந்த உருளையின் அமுக்கம் வளிமண்டலத்தைப்போல் 150 மடங்கையும் விஞ்சும். குளோரீன் கலந்த பழைய வாயுக்கள் எஞ்சியிருக்கும் குழாயிற் சுவாலையைக் காட்டினால், பொஸ்ஜீன் முதலிய நச்சு வாயுக்கள் பிறக்கும். ஆகையால் வாயுவை உரிய உருளையில் முற்றாக மீட்டெடுத்த பின்னரே பற்றவைத்தல் வேண்டும். அதனை வெளியே விட்டுவிடுதலும் தகாது. ஓசோன் படையைக் காப்பதற்காக 1987ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட மொன்றியல் உடன்படிக்கையின்படி ஆர்-22 படிப்படியாக வழக்கிலிருந்து நீக்கப்பட்டு வருகின்றது. அதன் இடத்துக்கு வரும் ஆர்-32 போன்ற சில வாயுக்கள் தீப்பற்றும் இயல்பும் உடையவை. பழைய பொறியிற் பழகிய கை, புதிய பொறியின் பெயர்த்தகட்டைப் படியாமல் வேலையைத் தொடங்குதல் கூடாது.

கண்ணுக்குப் புலனாகாத பகை ஒன்றும் உண்டு. 1976ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து விடுதியொன்றில் முன்னாட் படைவீரர் சங்கத்தின் மாநாடு நடைபெற்றது. அதன்பின் இருநூறுக்கு மேற்பட்டோர் கடுமையான நுரையீரற் காய்ச்சலுக்கு ஆளாயினர். 34 பேர் மாண்டனர். அதற்கு ஏதுவான பற்றீரியத்தை அடுத்த ஆண்டு சனவரியில் ஆய்வாளர் கண்டறிந்து, அவ்வீரர் சங்கத்தின் பெயராலேயே இலெசியனெல்லா என்று வழங்கினர். வளிச்சீராக்கத்தோடு சேர்ந்த நீர்க்குளிர்விப்புக் கோபுரங்களின் வெதுவெதுப்பான நீரில் அது செழித்து வளரும். நுண்ணிய நீர்த்திவலைகளோடு நுரையீரலை அடையும். கோபுரத்தையும் நீரேந்து தட்டத்தையும் கழுவுவோர் உரிய முகக்காப்பு அணிதல் வேண்டும். நீரை விசையுடன் பீச்சுமுன் கோபுரத்து விசிறியை நிறுத்திப் பூட்டல் வேண்டும். நீரைக் காலந்தோறும் மருந்திட்டுத் தூய்மை செய்தல் அவர்களை மாத்திரமன்று, கட்டடத்துள் இருப்போர் அனைவரையும் காக்கும்.

கூரையின்மேற் பொறி வைக்கப்பட்டுள்ள இடங்களில் விழுதலே பேராபத்து. ஏணியை உறுதியாகக் கட்டிய பின்னரே ஏறுதல் வேண்டும். விளிம்பின் அருகே பணியாயின் உடலோடு பிணைத்த காப்புக் கயிறு வேண்டும். கருவிகளைக் கையிற் பிடித்துக்கொண்டு ஏறாமல் கயிற்றுப் பையில் மேலே இழுத்துக்கொள்ளல் வேண்டும். நண்பகல் வெயிலிற் கூரைத் தகடு கொதிக்கும். தலைசுற்றல் வருமுன் நிழலில் இளைப்பாறி நீர் பருகுதல் சோம்பலாகாது.

விபத்து நேர்ந்துவிட்டால் யாது செய்வது? மின்சாரம் பற்றியவரை வெறுங்கையால் தொடாதீர். முதலில் மின்சாரத்தைத் துண்டித்தல் வேண்டும். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியை உடனே தொடங்குதல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தாற் சுவசெரிய நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும். இவையெல்லாம் நடைபெறுவதற்கு மற்றொருவர் அருகில் இருத்தல் வேண்டும் அன்றோ? ஆகையால் பொறியினுள் ஒருவர் இறங்கும்போது, வெளியே ஒருவர் அவருடைய குரல் கேட்கும் தொலைவிற் காத்திருத்தல் அவசியம்.

பணி முடிந்தபின் கருவிகளை எண்ணி எடுத்து, கழற்றிய காப்பு வேலிகளை மீண்டும் பொருத்தி, உள்ளே எவருமில்லை என்பதைக் கண்ணாற் கண்டு, கதவை அடைத்து, அதன் பின்னரே அவரவர் தத்தம் பூட்டை நீக்கல் வேண்டும்.

நேயர்களே, இவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவு வேண்டுவதன்று. ஒரு பூட்டும், ஒரு சீட்டும், ஒரு சோதனைக் கருவியும், சிறிது பொறுமையுமே வேண்டும். அவற்றுட் கிடைத்தற்கரியது பொறுமையே. இருபதாண்டு பழகிய கைதேர்ந்தவர், ஐந்து நிமிட வேலைக்குப் பூட்டு எதற்கு என்பார். யானைக்கும் அடி சறுக்கும் என்பதை அவர் மறந்துவிடுகின்றார். ஆயின் அவரை விரைவுபடுத்துவோர் யாவர்? மேல்மாடியிற் புழுக்கம் பொறாது, எப்பொழுது முடியும், எப்பொழுது முடியும் என்று தொலைபேசியிற் கேட்கும் நாமே அல்லமோ? ஆகவே இப்பேச்சிற் கூறியவற்றுட் பெரும்பாலானவை தொழிலாளர்க்கு உரியவையாயினும், ஒன்று நம் எல்லோர்க்கும் உரியது. குளிர் நின்றுபோன ஒரு மணி நேரத்தில் யன்னலருகே சற்றே அமர்ந்திருப்போம். எங்கோ கீழே ஒருவர் தம் பூட்டின் திறப்பைச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு, அவசரமின்றிப் பணிபுரிந்து, மாலையில் இரு கைகளோடும் வீடு திரும்பட்டும்.